கெய்னை முதலில் குறை: வால்வு ஆம்ப் கேள்வி பதில்

காரைக்குடியில் பழைய ரேடியோவும் மைக் செட் ஆம்ப்பும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது சுற்று வட்டாரத்தில் மெட்டல் என்கிற கனத்த ராக் இசை வாசிக்கிற பிள்ளைகளின் கிடார் ஆம்ப் எல்லாம் என் மேசைக்குத்தான் வருகிறது. கெய்ன் என்றால் சிக்னலைப் பெருக்குகிற அளவு. கண்ணாடி வால்வுகளால் அதை ரொம்பக் கூட்டிக் கிடாரைக் கரகரக்க வைக்கிற ஹை-கெய்ன் வால்வு ஆம்ப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய் விட்டுவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு போடுகிறேன். தொடங்கும் முன் ஒன்று: ஸ்பீக்கர் பாக்ஸ் மாட்டாமல் வால்வு ஆம்பை ஆன் செய்யாதீர்கள். இன்றைக்கு இதை இன்னும் பல தடவை சொல்வேன். அப்புறம், "குழாய் ஆம்ப்" என்று யாரும் எழுத வேண்டாம். நம் ஊரில் குழாய் என்றால் கோயிலில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர். இது வால்வு.

தேவகோட்டை: அண்ணே, ஹை-கெய்ன் என்று தனியாக ஏன் ஒரு ஆம்ப்? சாதாரண ஆம்ப்பில் கெய்னை முழுசாகத் திருப்பினால் அதே சத்தம் வராதா?

வராது தம்பி. நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 12ஏஎக்ஸ்7 என்கிற சின்ன வால்வுக்குள் இரண்டு டிரையோடு, அதாவது சிக்னலைப் பெருக்குகிற பகுதி, இருக்கிறது. வழக்கமான சர்க்யூட்டில் ஒவ்வொன்றும் சிக்னலை 50, 60 மடங்கு பெருக்கும். சுத்தமான சத்தத்துக்குச் செய்த ஆம்ப்பில் இப்படி இரண்டு கட்டம் இருக்கும், மெட்டலுக்கான ஆம்ப்பில் நான்கு, சிலவற்றில் ஐந்து. நான்கையும் சும்மா கோர்த்துவிட்டால் என்ன ஆகும்? 60ஐ நான்கு முறை பெருக்கிப் பார், ஒரு கோடியைத் தாண்டிவிடும், ஆம்ப் தானாகவே ஊளையிட ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு, பெருக்கியதில் பாதியையோ அதற்கு மேலோ வேண்டுமென்றே வீணாக்குகிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு வீணாக்குவது என்பதில்தான் ஒரு ஆம்ப்புக்கும் இன்னொரு ஆம்ப்புக்கும் குணம் மாறுகிறது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. நடுவில் ஒரு கட்டத்தின் கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான் கிளம்புகிற முனை) சாதாரணமாக 1.5 கே, அதாவது 1.5 கிலோ ஓம், அளவில் போடுகிற ரெசிஸ்டருக்குப் பதில் ரொம்பப் பெரியதைப் போட்டு, அந்த வால்வைப் பாதி தூக்கத்திலேயே வைத்திருப்பார்கள். மார்ஷல் ஜேசிஎம்800இன் 2203 மாடலில் அது 10 கே. 1987இல் வந்த சோல்டானோ எஸ்எல்ஓ-100இல் 39 கே. அலையின் ஒரு பக்கம் தாராளமாகப் போகும், மறுபக்கம் சட்டென்று வெட்டுப்படும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும்போது கேட்கிற அந்தக் கரகரப்பில் பெரும் பங்கு இதற்கு. 1992இல் கிடார் கலைஞர் எட்டி வான் ஹேலனுக்காக பீவி நிறுவனம் செய்த 5150 ஆம்ப்புக்குள்ளும் இதே 39 கே உட்கார்ந்திருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம் பேஸ். கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், ஏழு கம்பி கிடாரில் கீழ் பி சுமார் 62. அவ்வளவு தாழ்ந்த சுருதியை முழுசாக உள்ளே விட்டு அதன் மேல் டிஸ்டார்ஷனை, அதாவது அந்தக் கரகரப்பை, ஏற்றினால் சத்தம் களியாகிவிடும். எனவே மெட்டல் ஆம்ப் செய்கிறவர் கண்டன்சரின் மதிப்பைக் குறைத்து பேஸை முன்னாலேயே கழித்துவிட்டு, டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு கடைசியில் திரும்பக் கூட்டிக்கொள்வார். பின்பக்கம் ரெசொனன்ஸ் அல்லது டெப்த் என்று ஒரு குமிழ் இருக்கிறதே, அது இந்தக் கடைசி வேலைக்கு. பவர் பகுதியின் எதிர்ப்பின்னூட்டத்தை (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி விட்டுப் பெருக்கத்தை அடக்குவது) கீழ் சுருதியில் மட்டும் தளர்த்திவிடுகிறது. பிரசன்ஸ் குமிழ் அதே வேலையை மேல் சுருதியில் செய்கிறது.

கோட்டையூர்: கெய்ன் 10இல் வைத்தும் பத்தவில்லை அண்ணே. வேறு வால்வு போட்டால் கூடுமா?

கூட வேண்டாம். 4க்கு இறக்கு. உனக்குப் பத்தாமல் இருப்பது கெய்ன் இல்லை, இறுக்கம். ஆம்ப்புக்கு முன்னால் ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் மாதிரி ஒரு பெடல் வை, அதில் டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. அந்தப் பெடல் சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைத்தான் தூக்கிக் கொடுக்கும், கீழே இருப்பது பின்தங்கிவிடும். மேலே சொன்ன கழித்தல் வேலை ஆம்ப்புக்குள் நுழைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பாக்ஸ் மாட்டித்தானே ஆன் செய்தாய்?

புதுவயல்: கம்மி விலையில் எது வாங்கலாம்?

பக்கத்து ஊரில் பழுது பார்க்க ஆள் இருப்பதை வாங்கு.

கானாடுகாத்தான்: எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றப் பகுதியில்) வைத்து வாசிக்கிறோம். நான்கு ஸ்பீக்கர் பாக்ஸ், 100 வாட்ஸ். எல்லாம் ஒரே எதிரொலி, ரிஃப் (திரும்பத் திரும்ப வாசிக்கிற கிடார் வரி) புரியவே மாட்டேன் என்கிறது. 50 வாட்ஸ் வாங்கினால் சரியாகுமா?

100க்கும் 50க்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல், காதுக்குக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சத்தம் பாதியாக வேண்டுமானால் வாட்ஸைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். உன் பிரச்சினை வீடு. கீழே ஆத்தங்குடிக் கல், நான்கு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு, மேலே தேக்குப் பலகை. சத்தத்தைத் தின்கிற பொருள் ஒன்றுமில்லை. கல்யாண நாதஸ்வரத்துக்குச் சொர்க்கம், உனக்கு நரகம். ஜமுக்காளம் விரித்தால் மேல் சுருதி மட்டும் அடங்கும். பழைய பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம், முக்கியமாக மூலைகளில், சாய்த்து வை, பாக்ஸைத் தரையிலிருந்து ஒரு பெஞ்சு மேல் தூக்கு, மூலையை விட்டு வெளியே இழு, ரெசொனன்ஸ் குமிழைப் பாதிக்குக் கீழே வை. இல்லாவிட்டால் முகப்பில் திறந்த பக்கமாக வைத்து வாசி, தெருக்காரர்கள் என்ன சொன்னாலும் என்னைக் காட்டிக் கொடுக்காதே.

கண்டனூர்: அண்ணே, நான் பாடிக்கொண்டே கிடார் வாசிக்கிறேன். மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. பழகிவிடுமா?

தங்கச்சி, இன்றைக்கே நிறுத்து. விளையாட்டில்லை இது. கிடார் கம்பி ஆம்ப்பின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. சட்டத்துக்கு எர்த் சரியில்லாமல் உள்ளே கசிவும் இருந்தால் உன் கையில் மின்சாரம் நிற்கும், மைக் வேறு பிளக்கில் எர்த்தாகி இருக்கும், நடுவில் கம்பியாக இருப்பது நீ. 1972இல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிடார்காரர் லெஸ் ஹார்வி ஸ்வான்சி மேடையில் மைக்கைத் தொட்டவுடன் இறந்துபோனார். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் கட்டை வயரிங்தான், மூன்றாவது ஓட்டை பேருக்கு இருக்கும், பின்னால் கம்பியே போகாது. போனாலும் எர்த் குழி செம்மண்ணில் காய்ந்து கிடக்கும், யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழியில் கரியும் உப்பும் போட்டுப் புதுப்பிக்கச் சொல், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டச் சொல். ஆம்ப்பையும் மைக் மிக்சரையும் ஒரே பிளக் பலகையில் சொருகு. ஹம் குறையும் என்று யாராவது எர்த் பின்னை வெட்டச் சொன்னால் அவர்களோடு சேராதே.

பள்ளத்தூர்: எங்கள் அப்பா காலத்து மைக் செட் வால்வு ஆம்ப் ஒன்று இருக்கிறது. மெட்டல் ஆம்ப்பாக மாற்றலாமா?

ஆகா, இப்படிக் கேட்டால்தான் எனக்கு எழுத ஆசை வருகிறது. மாற்றலாம். அதில் விலை மதிப்புள்ள பொருள் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், அவை நன்றாக இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. முன் பகுதியில் மைக்குக்கு இரண்டு கட்டம்தான் இருக்கும், நமக்கு இன்னும் இரண்டாவது வேண்டும், சட்டத்தில் ஓட்டை போட்டு சாக்கெட் வைக்கணும். முதல் வால்வின் ஹீட்டருக்கு டிசி கொடுத்துவிடு, அவ்வளவு கெய்னில் ஏசி ஹீட்டர் ஹம்மைக் கொண்டுவந்துவிடும். அவுட்புட்டில் கவனம்: கூம்பு ஸ்பீக்கருக்கான 100 வோல்ட் லைன் முனையில் கிடார் பாக்ஸை மாட்டாதே. 60 வாட்ஸ் ஆம்ப்புக்கு அந்த முனை சுமார் 167 ஓம் எதிர்பார்க்கும், உன் பாக்ஸ் 8 அல்லது 16. பக்கத்தில் 8, 16 என்று எழுதிய முனை இருந்தால் அதில் மாட்டு. மூடியைத் திறக்கும் முன் பிளக்கை உருவு, அப்புறமும் பெரிய கண்டன்சர்களில் 400, 500 வோல்ட் தங்கியிருக்கும், ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: மன்னிக்கணும் அண்ணே, இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஆம்ப்களின் சத்தத்தை டிஜிட்டலாகப் போலச் செய்கிற மாடலர் ஒன்று வாங்கினால் ஐநூறு ஆம்ப் உள்ளே இருக்கிறது. மெட்டாலிகா குழுவே 2013இல் அண்டார்டிகாவில் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் என்கிற மாடலரை வைத்துத்தானே வாசித்தார்கள்?

வாசித்தார்கள், பார்வையாளர்கள் ஹெட்ஃபோனில் கேட்டார்கள். அந்தக் குழு 1986 வாக்கில் எந்தச் சத்தத்தால் பெயர் வாங்கியதோ அது மீசா பூகி மார்க் டூ-சி பிளஸ், அதுவும் வால்வு. பெட்டிக்குள் இருக்கிற ஐநூறும் எதையோ பார்த்து எழுதியதுதானே?

அதே மாணவர்: காப்பியோ என்னவோ, மூடிய கண்ணோடு கேட்டால் உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

ரெக்கார்டிங்கில் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அறையில் நின்று வாசிக்கும்போது சொல்வேன்.

தேவகோட்டை: பாக்ஸ் முன்னால் நின்றால் பேன்ட் ஆடுதே, அது மாடலரில் வருமா?

அதே மாணவர்: பேன்ட்டை ஆட்டுவது ஸ்பீக்கர். மாடலருக்குப் பின்னால் பவர் ஆம்ப்பும் அதே பாக்ஸும் வைத்தால் அதுவும் ஆடும்.

பையன் சொல்வது சரி. இன்னொரு உண்மையையும் நானே போட்டு உடைக்கிறேன், வால்வுக் கட்சிக்காரர்களுக்குப் பிடிக்காது: பேன்டேரா குழுவின் கிடார்காரர் டைம்பேக் டாரல் வாசித்தது ராண்டால் ஆர்ஜி100, அதில் ஒரு வால்வும் கிடையாது, எல்லாம் டிரான்சிஸ்டர். மெட்டலுக்கு வால்வு கட்டாயம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் மாடலரின் போர்டு போனால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான், பள்ளத்தூர் தம்பியின் அப்பா காலத்து ஆம்ப்பை நான் ஒரு மீட்டரும் சால்டரிங் அயர்னும் வைத்து மறுபடி பேச வைப்பேன்.

கானாடுகாத்தான்: வால்வுதான் அழகு!

புதுவயல்: வெயிட்டைத் தூக்கிப் பாரு, அழகு தெரியும்.

போதும், போதும். இந்தச் சண்டையில் பத்துக் கேள்வி காத்துக் கிடக்கிறது.

குன்றக்குடி: ஆம்ப் உறுமிக்கொண்டே இருக்கிறது.

எந்தச் சுருதியில் உறுமுகிறது என்று கேள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்தத் தாழ்ந்த சுருதியிலேயே இருந்தால் எர்த், ஹீட்டர், அல்லது கிடாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) வெளியிலிருந்து இழுப்பது. 100இல், கொஞ்சம் கூர்மையாக இருந்தால் பவர் சப்ளைக் கண்டன்சர் வயதாகிவிட்டது. முதல் வால்வைக் கழற்றிப் பார், நின்றுவிட்டால் கோளாறு அதிலோ அதற்கு முன்னாலோ.

தேவகோட்டை: சாயங்காலம் ஆனால் என் ஆம்ப் சோர்ந்துபோகிறதே?

கரண்டை அள. சில தெருக்களில் 190க்கு இறங்குவதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். அப்போது 6.3 வோல்ட் இருக்க வேண்டிய ஹீட்டரில் 5.2தான் இருக்கும், வால்வுக்குக் கெடுதல். நல்ல ஸ்டெபிலைசர் வை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டாதே. அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் 120 என்று எழுதியிருக்கிறதா பார், நேராகச் சொருகினால் ஃபியூஸோடு போனால் உன் அதிர்ஷ்டம்.

காரைக்குடி: முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடையில் ரேடியோ வால்வு கிடைக்கிறது. மெட்டல் ஆம்ப்புக்கு ஆகுமா?

மேலே ஈசிசி83 என்று போட்டிருந்தால் அதுவும் 12ஏஎக்ஸ்7உம் ஒன்றுதான், வாங்கு. பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் செய்ததாக இருந்தால் எனக்கு ஒன்று எடுத்து வை. ஈஎல்84 என்றால் உன் ஆம்ப்பில் அந்த வால்வு இருக்கிறதா என்று முதலில் பார், 6எல்6 என்கிற பெரிய பவர் வால்வின் சாக்கெட்டில் அது நுழையவே நுழையாது. வாங்கும் முன் பென்சிலால் தட்டிக் கேட்க வழி இருந்தால் நல்லது. முதல் கட்டத்தில் போடுகிற வால்வு தட்டினால் மணி மாதிரி ஒலித்தால் மேடையில் ஊளையிடும்.

கொத்தமங்கலம்: ஸ்டாண்ட்பை சுவிட்சை எத்தனை நிமிஷம் வைக்கணும்?

வால்வு சூடாகும் வரை, அரை நிமிஷம், ஒரு நிமிஷம். மறந்தாலும் உலகம் அழியாது. பாக்ஸ் மாட்ட மறந்தால் அழியும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு. போன மாதம் ஒரு பையன் "சும்மா ஹெட் மட்டும் டெஸ்ட் பண்ணேன்" (ஹெட் என்றால் பாக்ஸ் இல்லாத ஆம்ப்) என்று கொண்டுவந்தான், உள்ளே சுருளில் பொறி பாய்ந்து கருகியிருந்தது. புதுசாகச் சுற்ற ஆன செலவில் நல்ல பெடல் ஒன்று வாங்கியிருப்பான்.

சாக்கோட்டை: கெய்ன் முழுசு வைத்தும் பத்தவில்லை.

மேலே படி.

புதுவயல்: டிலே பெடலை எங்கே வைப்பது? கிடாருக்கு அடுத்து வைத்தால் ஒரே கூச்சல்.

பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் என்று இரண்டு ஓட்டை இருக்கிறது, அதில். டிஸ்டார்ஷன் முடிந்த பிறகுதான் எதிரொலி வரணும், முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து கரகரக்கும்.

அரியக்குடி: அண்ணே, எது வாங்கலாம், கெய்ன் அதிகமாக இருக்கணும்.

தம்பி, நீங்கள் எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு கேட்கிறீர்களா?

கோட்டையூர்: நான்தான் அண்ணே, முதலில் கேட்டவன். நீங்கள் சொன்ன மாதிரி கெய்ன் 4, முன்னால் பெடல். தனியாக வாசித்தால் பிரமாதம். டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்ததும் நான் காணாமல் போகிறேன்.

மிடில், அதாவது நடுச் சுருதிக் குமிழ், எத்தனையில் இருக்கிறது?

கோட்டையூர்: பூஜ்யம்.

6க்கு ஏற்று.