இந்தியாவிலிருந்து டிசி லைன் வந்தால் சம்மாந்துறை மில்லுக்கு வோல்டேஜ் ஏறுமா?

கேள்வி: சம்மாந்துறையில் சிறிய நெல் மில் வைத்திருக்கிறேன். பொழுதுபட்டால் த்ரீ பேஸ் மோட்டர் இழுக்காது. கை வைக்க முடியாத சூடு. இந்தியாவிலிருந்து கடலுக்கடியால் டிசி லைன் வரப்போகிறதாம். அதுவரை பொறுப்பதா, இப்போதே பெரிய ஸ்டெபிலைசர் வாங்குவதா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

லைன் பேச்சு உண்மைதான். 2025 ஏப்ரலில் இந்திய, இலங்கை அரசுகள் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஏன் என்றால், கடலடிக் கேபிளில் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) அனுப்பும்போது கேபிளே விநாடிக்கு 50 சுற்று நிரம்பி வடிந்து கொள்ளளவைத் தின்றுவிடும். டிசியில் அந்தத் தொல்லை இல்லை. தரையிலும் பல நூறு கிலோமீட்டர் தாண்டினால் டிசிதான் மலிவு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட் டிசி லைன் ஓடுகிறது. அதன் திறன் 6000 மெகாவாட். இலங்கை முழுவதும் உச்ச நேரத்தில் கேட்பதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் வழியில் உள்ள எந்த ஊரும் அதில் கொக்கி போட முடியாது! இறக்குவதற்கு டிசியை ஏசியாக மாற்றும் கன்வர்ட்டர் நிலையம் வேண்டும், அதன் செலவோ கோடிக்கணக்கில்.

இங்கேயும் டிசி தீவுக்குள் வந்ததும் ஏசியாக மாறி, வழமையான பாதையில்தான் உங்களிடம் வரும்: கிரிட் உபநிலையம், 33 கிலோவோல்ட் லைன், தெரு ட்ரான்ஸ்போமர். பொழுதுபடும்போது மட்டும் விழும் வோல்டேஜ் பெரும்பாலும் அந்தக் கடைசித் துண்டில்தான் தொலைகிறது.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மீட்டர் போர்டில் மூன்று பேஸ்களுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். மதியம் ஒருமுறை, இரவு ஏழு மணிக்கு ஒருமுறை. மோட்டர் நின்றிருக்கும்போதும் ஓடும்போதும். 400 வோல்ட்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 376க்குக் கீழே போகக் கூடாது. நின்றிருக்கும்போதே 350 என்றால் கோளாறு தெரு லைனில். மோட்டர் ஓடும்போது மட்டும் விழுந்தால் முதலில் தெருக் கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் உங்கள் சேர்விஸ் வயரையும் கருகிய ஜொயின்ட்டையும் பாருங்கள். ஒரு பேஸ் மட்டும் தாழ்ந்திருந்தால், தெருவில் வீடுகளை அந்த பேஸிலேயே அடுக்கியிருப்பார்கள்.

350இல் மோட்டரின் முறுக்குவிசை முக்கால் பங்காகிவிடும். சுமை குறையாததால் அது கூடுதல் கரண்டை இழுக்கிறது, சூடு அதனால்தான்.

அளவுகளை எழுதிக்கொண்டு மின்சார முறைப்பாட்டுத் தொலைபேசி எண்ணான 1987க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். ‘வோல்டேஜ் குறைவு’ என்று சும்மா சொன்னால் யாரும் அசைவதில்லை. ட்ரான்ஸ்போமரின் டாப்பை (வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பை) மாற்றலாம், லோட்டைப் பிரிக்கலாம், தடித்த வயர் இழுக்கலாம். இவை மின்சாரம் விநியோகிப்பவர்களின் வேலை.

ஸ்டெபிலைசர் அதே மெலிந்த லைனிலிருந்து இன்னும் கரண்டை உறிஞ்சும், பக்கத்து வீட்டு பல்ப் மங்கும். அந்தக் காசில் ஒரு சிறு பங்குக்கு வோல்டேஜ் விழுந்தால் மோட்டரை நிறுத்தும் அண்டர்வோல்டேஜ் ரிலே ஒன்று பூட்டி, கரண்ட் கூடினால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை மோட்டர் தகட்டிலுள்ள அம்பியருக்குச் சரிசெய்யுங்கள். லைன் சரியாகும்வரை நெல் குத்துவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.