மன அழுத்தம், இரைப்பை அழற்சி, விந்தணுக் குறைவு: தொடர்பு உண்டா?

வேலை அழுத்தத்தோடு இரைப்பை அழற்சியும் இருக்கிறது, விந்தணு எண்ணிக்கையும் குறைவு, எல்லாம் ஒரே காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு இருக்கலாம். அழுத்தம் நீடித்தால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் அனுப்பும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன் சமிக்ஞையை அடக்கும். உடனே மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விடும் எல்எச் ஹார்மோனும் குறையும். விரையில் இருக்கும் லேடிக் செல்கள் எல்எச் வந்தால்தான் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தயாரிக்கும். அது போதாவிட்டால் விந்தணு உற்பத்தி தளரும். எலிகளின் லேடிக் செல்களில் அழுத்த ஹார்மோனை முறிக்கும் ஒரு நொதியே உண்டு. ஹார்மோன் அளவுக்கு மீறினால் அந்தக் காவல் தாங்காது.

வயிற்றுக்கு வருவோம். 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர், அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் இரைப்பையில் புண்களைக் கண்டார். ஆனால் மனிதர்களுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியோ வலி மாத்திரையோதான் காரணம். அதனால் பழியை அழுத்தத்தின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், கிருமிப் பரிசோதனை செய்யுங்கள். அப்புறம், அமிலத்தைக் குறைக்கச் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் பாருங்கள்: சிமெடிடின் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கக்கூடியது.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையை மறுபடி எடுங்கள்.