சின்னப் பிள்ளைகளோடு நாகர்கோவிலில் இருந்து துபாய்க்குக் குடிபோனால் எப்படி இருக்கும்?

நாங்கள் போனபோது மூத்தவளுக்கு 5 வயது, இளையவனுக்கு 2. எரிச்சல் விமானம் ஏறுமுன்பே தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் இழுத்தடிப்புதான். (எங்களுக்குப் பிசகியது.) பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து இப்போதே ஒத்துப்பாருங்கள்.

பள்ளி பெரிய சிக்கல் இல்லை. அங்குள்ள சிபிஎஸ்இ பள்ளிகளும் ஏப்ரலில்தான் தொடங்கும்.

சாப்பாடுதான் பாடாய்ப் படுத்தியது. இளையவன் மட்டிப்பழத்திலேயே வளர்ந்தவன். நம் குமரி மாவட்டத்து வாழைப்பழம், 2023இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய நீளமான மஞ்சள் பழத்தை ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சத்தை என் சட்டைப்பையில் திணித்தான். அப்புறம் ஊரில் இருந்து யார் வந்தாலும் ஒரு சீப்பு சொல்லிவிடுவோம்.

ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் வெளியே விட முடியாது. முற்றத்தில் ஓடிய பிள்ளைகள் பிளாட்டுக்குள் சுவரைக் கிறுக்கும்.

ஆனால் ஆறே மாதத்தில் மகள் ஆச்சிக்கு வீடியோ காலில் அரபியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக் காட்டினாள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்னத்த மக்களே சொல்லுத? இன்னொருக்கா சொல்லு" என்றார்.