அன்னாசியும் ஓமமும் தொப்பையைக் கரைக்குமா?

அன்னாசிப்பழத்தை ஓமத்தோடு கொதிக்க வைத்துக் குடித்தால் தொப்பை குறையுமா, தினமும் சாப்பிட்டால் உடம்புக்குச் சூடா, கர்ப்பிணிகள் தொடவே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் ஊர் சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரம். மலைக்குப் போன யாரும் மேலே சோளக்காடு என்ற ஊரில் அன்னாசி வாங்காமல் அந்த 70 வளைவுகளையும் இறங்கி வரமாட்டார்கள். இந்தப் பழத்தோடு வளர்ந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தொப்பை. பழத்தை நறுக்கி, ஓமத்தைப் பொடித்துப் போட்டு, இரவு கொதிக்க வைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் முறையைத்தான் எங்கள் அத்தையும் ஒரு மண்டலம் விடாமல் செய்தார். இடுப்பளவு குறையவில்லை. நெஞ்செரிச்சல்தான் வந்தது. குறையாததற்குக் காரணம் இருக்கிறது. அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி உண்டு. அது உடைப்பது புரதத்தை, கொழுப்பை அல்ல. ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுவோமே, அதே வகை வேலை. மேலும், கொதிக்க வைத்தாலே அந்த நொதி செயலிழந்துவிடும். பச்சைப் பழத்தைப் பாலில் அடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் கசந்துபோகும், ஆனால் வேகவைத்த பழத்தைப் பாலில் சேர்த்தால் அப்படிக் கசக்காது. வித்தியாசம் இந்த நொதிதான். (கசந்த பால் விஷம் என்பார்கள். விஷமில்லை, பாலின் புரதம் உடைவதால் வரும் கசப்பு.)

நாக்கு அரிப்பதை வைத்துத்தான் 'சூடு' என்கிறார்கள். ஊசி போன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் பழத்தில் இருக்கின்றன. அவை குத்துகின்றன, புளிப்பு எரிக்கிறது, நொதியும் சேர்ந்துகொள்கிறது. சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். துண்டுகளை உப்புத் தண்ணீரில் அலசிக் கொடுக்கும் பாட்டியின் வழக்கத்தைத்தான் நானும் பின்பற்றுகிறேன், எரிச்சல் குறைவாகத் தெரிகிறது. வாய்ப்புண், அல்சர், எதுக்களிப்பு இருப்பவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டவுடன் பல் துலக்காமல் அரை மணி நேரம் பொறுங்கள், புளிப்பில் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும்.

ஆனால் உதடு, முகம் வீங்குவதோ, தொண்டை அடைப்பதோ, மூச்சு திணறுவதோ சாதாரண அரிப்பு இல்லை. அது ஒவ்வாமை, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அன்னாசியும் ஒத்துக்கொள்வதில்லை.

நன்மை என்று பார்த்தால் எனக்கு முக்கியமாகப் படுவது வைட்டமின் சி. 100 கிராம் பழத்தில் சுமார் 48 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல். கீரை, கேழ்வரகில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்ச அது உதவும். அதனால் ரத்தசோகை உள்ள என் மகளுக்குச் சாப்பாட்டோடு சேர்த்தே இரண்டு துண்டு வைக்கிறேன். வீக்கத்துக்குக் கொடுக்கும் புரோமெலைன் மாத்திரை செடியின் தண்டிலிருந்து எடுப்பது, பழத்துண்டு அதற்கு ஈடாகாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போட வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா என்று அடுத்த கேள்வி வரும். என் அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. மருத்துவரைக் கேட்டுவிட்டு இரண்டு மூன்று துண்டு சாப்பிடுகிறார், இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பார். ஜூஸ் மட்டும் கிடையாது. ஒரு டம்ளருக்கு எத்தனை துண்டுகள் போகின்றன என்று கடையில் நின்று பாருங்கள், அதற்கு மேல் சர்க்கரை வேறு. இன்னொன்று, டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வாழைப்பழம், இளநீர் எல்லாம் பொட்டாசியத்துக்காக விலக்கப்படும். அன்னாசியில் அது வாழைப்பழத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அளவை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடச் சிலருக்காவது ஒரு பழம் மிஞ்சும்.

சரி, கர்ப்பிணிகள். என் தங்கை மூன்றாம் மாதத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் தெரியாமல் ஒரு துண்டு அன்னாசி சாப்பிட்டுவிட்டாள். வீட்டுப் பெரியவர்கள் பேசிய பேச்சில் இரவெல்லாம் அழுதாள். காலையில் மருத்துவர், "ஒண்ணும் ஆகாதும்மா, பழுத்த பழம்தானே" என்று சொன்ன பிறகுதான் சாப்பாட்டில் கை வைத்தாள். ஆய்வகத்தில் கருப்பைத் தசைமேல் அன்னாசிச் சாற்றை நேரடியாக விட்டால் தசை சுருங்குவது உண்மை. ஆனால் நாம் சாப்பிடும் பழம் வயிற்றில் செரித்துப் போகிறது. சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் பழுத்த அன்னாசி கருவைக் கலைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நெஞ்செரிச்சலும் கர்ப்பகாலச் சர்க்கரையும் இருந்தால் மட்டும் அளவு பாருங்கள். ஒரு குழந்தையை இழந்த பெண்ணிடம், "அன்னைக்கு அன்னாசி சாப்பிட்டியே" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அதேபோல், கரு வேண்டாம் என்று அன்னாசியை நம்பி நாளைக் கடத்துவதும் ஆபத்து, மகப்பேறு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

காயை மட்டும் யாருமே சாப்பிட வேண்டாம். வாந்தியும் பேதியும் வரலாம். பறித்த பிறகு அன்னாசி இனிப்பாவதில்லை, வாங்கி வைத்தால் மஞ்சளாகும், அவ்வளவுதான். அதனால் கடையில் நிறத்தைப் பார்க்காமல் பழத்தின் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். அங்கே வாசனை வந்தால் எடுங்கள், புளித்த நெடி அடித்தால் விட்டுவிடுங்கள். நறுக்கும்போது அந்த அடிப்பக்கத் துண்டுகளைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள், இனிப்பு அதிகம் அங்கேதான்.