கணைய அழற்சி: ரத்தத்தைச் சுத்திகரித்தால் தேறிவிடுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 38. கடுமையான கணைய அழற்சியோடு நான்கு நாளாக ஐசியூவில் இருக்கிறான். சேர்த்த அன்று டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 2,400 இருந்தது. ‘ரத்தத்தைச் சுத்திகரிக்கலாம், ஆனால் செலவு அதிகம்’ என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: எதற்காகச் சுத்திகரிக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இந்த ஒரே பெயரில் வெவ்வேறு சிகிச்சைகள் இருக்கின்றன.

சிறுநீரகம் கைவிட்டதால் என்றால் யோசிக்கவே வேண்டாம். சிறுநீர் வற்றி, பொட்டாசியம் ஏறி, நுரையீரலில் நீர் கோத்தால் டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும். ரத்த அழுத்தம் நிலையாக இல்லாதவர்களுக்கு நாள் முழுக்க மெதுவாக ஓடும் டயாலிசிஸ் வைப்பார்கள், சி.ஆர்.ஆர்.டி. என்பது அதுதான். அது கணையத்தைக் குணப்படுத்தாது. சிறுநீரகம் தேறும்வரை அதன் வேலையைப் பார்க்கும், அவ்வளவுதான்.

கொழுப்பைக் குறைக்க என்றால் அது பிளாஸ்மா மாற்றம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றுவது. டிரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டினாலே கணையம் புண்ணாகலாம். அப்போது எடுக்கும் ரத்தத்தை வைத்துவிட்டுப் பார்த்தால் மேலே பால் போல வெளுத்து நிற்கும். ஒருமுறை பிளாஸ்மா மாற்றினாலே அளவு பெரும்பாலும் பாதிக்குக் கீழ் வந்துவிடும். சரி, ஆனால் பட்டினி போட்டு இன்சுலின் கொடுத்தாலும் ஓரிரு நாளில் அது நன்றாக இறங்கிவிடுகிறதே! சீனாவில் பல மருத்துவமனைகளின் நோயாளிகளை வைத்து 2023-ல் வெளியான ஆய்வில், பிளாஸ்மா மாற்றியவர்களுக்கு உறுப்புச் செயலிழப்பு சீக்கிரம் சரியானதாகத் தெரியவில்லை. ஐசியூ தேவைதான் கூடியிருந்தது. நீங்கள் சொல்லும் 2,400 முதல் நாள் கணக்கு. இன்றைய அளவைக் கேளுங்கள். 500-க்குக் கீழே வந்திருந்தால் மாற்றுவதில் அர்த்தமில்லை.

அழற்சியைத் தூண்டும் புரதங்களை உறிஞ்சும் வடிகட்டிகளும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வடிகட்டிக்கு நல்லது கெட்டது தெரியாது. ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து இழுத்துவிடலாம். கழுத்து ரத்தக்குழாயில் போடும் தடித்த குழாயால் கிருமித்தொற்று, ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் இருக்கிறது. உயிரைக் காக்கும் என்று உறுதியான ஆதாரம் இதுவரை இல்லாத ஒன்றுக்காக நகையை அடகு வைக்க நான் சொல்லமாட்டேன்.

நாளை டாக்டரைப் பார்க்கும்போது இன்னும் இரண்டு கேளுங்கள்: 24 மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு போனது, மூக்குக் குழாய் வழியாக உணவு ஆரம்பித்தாயிற்றா. குடலுக்கு உணவு போனால் தொற்று வரும் வாய்ப்பு குறைகிறது. இதற்குச் செலவும் குறைவு.