வாசகர் கேள்வி – பதில்: ‘தர்மராஜா’வைப் பற்றி இருவேறு மனம்

மலையாள எழுத்தாளர் சி. வி. ராமன் பிள்ளையின் வரலாற்று நாவல் ‘மார்த்தாண்டவர்மா’வைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அதன் தொடர்ச்சியாக அவர் எழுதிய ‘தர்மராஜா’வைப் படித்தவர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தேன். நாகர்கோவில், தக்கலை, குழித்துறைப் பக்கங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் பாறசாலை, திருவனந்தபுரம் பகுதித் தமிழர்களிடமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பள்ளியில் மலையாளம் படித்த மூத்த வாசகர்கள் இரண்டு நாவல்களையும் மூலத்திலேயே படித்து எழுதியிருக்கிறார்கள். முதல் நூலின் மேல் எல்லோருக்கும் பிரியம் இருக்கிறது. இரண்டாவது நூலைப் பற்றித்தான் கடுமையான கருத்து வேறுபாடு. வந்தவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): அனந்தபத்மநாபனுக்காகப் பாருக்குட்டி காத்திருப்பதைப் படிப்பதற்காகவே ‘மார்த்தாண்டவர்மா’வைத் திரும்பத் திரும்ப எடுப்பவன் நான். அந்த இனிமையை எதிர்பார்த்துத்தான் ‘தர்மராஜா’வைத் தொடங்கினேன். பாதிவரை சூழ்ச்சியும் ஒற்றும் சாமியாரும்தான் வருகின்றன. இடையில் கழிந்த ஆண்டுகளில் ஆசிரியருக்குக் கை தளர்ந்துவிட்டதா?

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. முதல் நாவல் 1891-இலும் இரண்டாவது 1913-இலும் வெளிவந்தன. முன்னதை வெளியிட்டபோது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், பின்னதை வெளியிட்டபோது ஐம்பதைக் கடந்திருந்தார். முதல் நாவலில் காதலும் அரசியலும் ஒரே முடிச்சில் கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு மாண்டதாக நம்பப்பட்ட அனந்தபத்மநாபன் பித்தனாகவும் பிறவாகவும் வேடமிட்டுத் திரிந்து இளவரசர் மார்த்தாண்டவர்மாவைக் காக்கிறான். அவன் இல்லாத வெற்றிடத்தில் பாருக்குட்டியை மணக்க நினைக்கும், அரசரின் மகனான பத்மநாபன் தம்பிதான் (‘தம்பி’ இங்கே பட்டப்பெயர்) அரியணைக்கும் ஆசைப்படுகிறான். ஆகவே அவள் உறுதியாக நிற்கும் ஒவ்வொரு பக்கமும் அரசுக்கான போரின் ஒரு பக்கமாகவே அமைந்துவிடுகிறது. இப்படி ஒரு பொருத்தம் எழுத்தாளர் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது.

‘தர்மராஜா’வில் அது வாய்க்கவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. நாயகி மீனாட்சியின் பகுதிகள் அழகானவைதாம். ஆனால் அவை கதையின் முதுகெலும்பு அல்ல. அதைக் கை தளர்ந்ததன் அடையாளமாக மட்டும் நான் கொள்ள மாட்டேன். இளவரசர் அரியணையை அடைவாரா என்பது முதல் நூலின் கேள்வி. அந்த அரியணைக்காக வேரோடு பிடுங்கப்பட்ட குடும்பங்கள் என்ன ஆயின என்பது இரண்டாவது நூலின் கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்கத் துணிந்தவர், முதல் நூலின் மணக்கோலத்தை அதே இனிமையோடு மீண்டும் எழுதியிருக்க முடியாது.

கேள்வி (பாறசாலை வாசகி): எல்லோரும் ‘மார்த்தாண்டவர்மா’வையே பாராட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘தர்மராஜா’வில் சூழ்ச்சி செய்யும் சாமியார் ஹரிபஞ்சானனரை வெறுக்க வேண்டும் என்றே படிக்கத் தொடங்கினேன். முடிக்கும்போது அரசரைவிட அவருக்காகவே மனம் வேதனைப்பட்டது. இது ஆசிரியர் விரும்பிய விளைவுதானா, அல்லது நான் தவறாகப் படித்தேனா?

பதில்: மிகச் சரியாகப் படித்திருக்கிறீர்கள். (நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் சென்றுவிடலாம், முக்கியமான மர்மம் ஒன்றைச் சொல்லாமல் இதற்கு விடை கூற முடியாது.)

மார்த்தாண்டவர்மா 1729 முதல் 1758 வரை ஆண்டார். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களின் அதிகாரத்தை ஒடுக்கி, அவர்களைக் கொன்று, அவர்களுடைய வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கி, சிற்றரசாக இருந்த வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் பெரிய அரசாக்கினார். பெண்களும் பிள்ளைகளும் கடற்கரையில் மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டதாக நம் பகுதியில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். முதல் நாவல் இளவரசரின் தரப்பில் நின்று பேசுவதால், பிள்ளைமாரின் வீழ்ச்சி அங்கே நீதியின் வெற்றியாக முடிகிறது. அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சியில், தர்மராஜா என்று மக்கள் போற்றிய அந்த அரசரின் காலத்தில், அழிந்ததாக நினைத்த மரபிலிருந்து ஹரிபஞ்சானனர் துறவிக்கோலத்தில் வந்து நிற்கிறார். அவர் ஒருவர் அல்லர், உக்கிரன், சாந்தன் என்ற இரட்டையர் என்பதை வெளிப்படுத்தும் இடம்தான் நாவலின் உச்சம். ஒரே குலத்துயரம் ஓர் உடலில் சினமாகவும் மற்றோர் உடலில் அமைதியாகவும் வளர்ந்திருக்கிறது. உலகமோ இரண்டையும் ஒரே ஆளாக எண்ணி வணங்குகிறது. சி.வி.யின் மூன்று வரலாற்று நாவல்களிலும் இதற்கு நிகரான கற்பனையை நான் காணவில்லை.

பழிவாங்க வந்தவரை வெறும் கயவராக எழுதுவது எளிது, வாசகர்களும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அவருக்குக் கல்வியையும் கம்பீரத்தையும் மக்களை ஈர்க்கும் ஆற்றலையும் கொடுத்து, அதன் பிறகும் அரசரே வெல்ல வேண்டும் என்று எழுதுவதற்கு மிகுந்த மனத்துணிவு வேண்டும். அதுவும் திருவிதாங்கூர் அரச மரபின் மேல் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்த ஒருவர் இதை எழுதினார் என்பதை நினைக்கையில், எனக்கு அவர்மீது மதிப்பு இன்னும் கூடுகிறது.

கேள்வி (தக்கலை வாசகர்): எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகத் தம்பிமார் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கதையில் வலிய தம்பியும் குஞ்சுத் தம்பியும் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள். நாவலிலோ பேராசைக்காரர்கள். தொடர்ச்சி நூலிலாவது சி.வி. இதைச் சரிசெய்திருக்க வேண்டாமா?

பதில்: வந்த கடிதங்களுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது உங்களுடையதுதான். வெளியூர் வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் சொல்ல வேண்டும். அந்நாளைய வேணாட்டில் மருமக்கள் வழி நடந்தது. அரசருக்குப் பின் அரசுரிமை அவருடைய பிள்ளைகளுக்கு அன்றி, சகோதரியின் பிள்ளைகளுக்கே சென்றது. ராமவர்மா அரசரின் புதல்வர்களான தம்பிமாரை விலக்கி, மருமகனான மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தது இந்த முறைப்படிதான். நாஞ்சில் நாட்டில் தமிழில் பாடப்படும் கதையோ பகைக்கு வேறொரு காரணத்தையும் சொல்கிறது. தம்பிமாரின் தங்கை கொச்சுமணியை மார்த்தாண்டவர்மா மணக்க விரும்பினார் என்றும், அது மறுக்கப்பட்டது என்றும், தமையன்மார் கொல்லப்பட்டபின் அவள் தன்னுயிரைப் போக்கிக்கொண்டாள் என்றும் பாடுகிறார்கள். கொலையுண்டவர்களை மக்கள் தெய்வமாக்கி வணங்கியிருக்கிறார்கள். அரண்மனைக் கணக்கில் குற்றவாளியாக இருப்பவருக்கு ஊர் கோயில் எழுப்பிக் கொடை நடத்துவது தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் பழைய வழக்கம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் அந்தத் தங்கைக்கு இடமே இல்லை. அவள் கதைக்குள் வந்திருந்தால் பத்மநாபன் தம்பியை வெறும் பேராசைக்காரனாகக் காட்ட முடிந்திருக்காது. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். ‘தர்மராஜா’ அதைச் சரிசெய்கிறதா என்றால், இல்லை. எட்டுவீட்டு மரபினருக்கு ஒரு வாயும் வழக்கும் கொடுத்த ஆசிரியர், தம்பிமாரின் தரப்பைத் தொடவே இல்லை. ஆயினும் தோற்றவர்களுக்கும் ஒரு கதை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் இடத்துக்கு அவர் வந்திருக்கிறார். உங்கள் ஊர் வில்லுப்பாட்டுக்காரர் அவருக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருக்கிறார். நாவல் இரண்டையும் படித்த கையோடு தம்பிமார் கதையையும் கேட்க வேண்டும் என்று எல்லா வாசகர்களையும் வேண்டுகிறேன். அச்சிட்ட நூலைப் படிப்பதைவிட, ஆடியிலோ பங்குனியிலோ கொடை நடக்கும் ஊரில் இரவு முழுவதும் உட்கார்ந்து கேட்பது சிறப்பு.

கேள்வி (விளவங்கோடு வட்ட வாசகர்): ‘தர்மராஜா’வில் வரும் கேசவப்பிள்ளை எங்கள் வட்டத்தைச் சேர்ந்தவர் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். பிற்காலத்தில் ராஜா கேசவதாஸ் என்று புகழ்பெற்ற அவர் விளவங்கோடு வட்டத்துக் குன்னத்தூரில் பிறந்தவர். 1789-இல் திருவிதாங்கூர் திவானானார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தெடுத்தவரும் அவரே. 1956 நவம்பர் 1 முதல் அவர் பிறந்த மண் தமிழ்நாட்டிலும், அவர் பணியாற்றிய தலைநகர் கேரளத்திலுமாக இருக்கின்றன. பெரிய பின்புலம் இல்லாத ஓர் இளைஞன் அறிவாலும் உழைப்பாலும் அரண்மனைக்குள் உயர்வதை ‘தர்மராஜா’வில் படிக்கையில் நம் பகுதி வாசகர்கள் மகிழ்வது இயற்கை. வாளெடுத்த வீரனை விட்டுவிட்டுக் கணக்கும் கடிதமும் அறிந்த ஒருவனைத் தொடர்ச்சி நூலின் நாயகனாக்கியதும் எனக்குப் பிடித்திருக்கிறது. அரசு நிலைபெற்றபின் அதற்குத் தேவைப்பட்டவன் அவன்தானே.

கேள்வி (திருவனந்தபுரம், கரமனை வாசகி): ‘மார்த்தாண்டவர்மா’வில் தமிழ் கலந்து பேசும் சுந்தரய்யன் சூழ்ச்சிக்காரன். ‘தர்மராஜா’வில் மாமா வேங்கடன் சிரிப்புக்கு. தலைமுறைகளாக இங்கேயே வாழும் எங்களுக்கு இது உறுத்தாதா?

பதில்: உறுத்தல் நியாயமானது. எனினும் இரண்டு பாத்திரங்களையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. சுந்தரய்யனிடம் வாசகர் பற்று வைக்க ஓரிடமும் இல்லை. மாமா வேங்கடனோ சிரிக்க வைத்தாலும் கேசவப்பிள்ளையின் மேல் கலப்பற்ற பாசம் கொண்டவர்; சூழ்ச்சி நிறைந்த ஒரு கதையில் நம்பிக்கைக்குரிய மனிதர் அவர். இந்த ஒரு பாத்திரத்துக்காகவே தொடர்ச்சி நூலை விரும்புகிறோம் என்று எழுதிய தமிழ் வாசகர்களும் இருக்கிறார்கள். முதல் நூலிலிருந்து இரண்டாவதற்கு வரும்போது ஆசிரியரின் பார்வை நம்மவர் விஷயத்திலும் கனிந்திருப்பதாகவே நான் படிக்கிறேன்.

கேள்வி (திருவனந்தபுரம் கல்லூரி மாணவர்): வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவன் நான். ‘தர்மராஜா’வின் முதல் அத்தியாயத்திலேயே வடமொழிச் சொற்களின் அடர்த்தியில் திணறி நிறுத்திவிட்டேன். பெரியவர்கள் புகழ்வதால் மட்டும் இதைப் படித்தாக வேண்டுமா?

பதில்: மலையாளத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதே குறையைச் சொல்வது உண்டு. வருணனையின் எடையில் நிகழ்ச்சி அமுங்கிப்போகும் இடங்கள் அந்த நூலில் இருக்கின்றன. ‘மார்த்தாண்டவர்மா’வின் நடை இவ்வளவு இறுகியதில்லை. ஆனால் உரையாடலுக்கு வந்துவிட்டால் நிலைமை வேறு. ஒவ்வொருவரும் தத்தம் ஊரின், வகுப்பின் பேச்சையே பேசுகிறார்கள். தென் திருவிதாங்கூர்க்காரர் வாய்திறக்கும்போது பாதி தமிழாகவே ஒலிக்கிறது. அந்தப் பகுதிகளை உரக்கப் படித்துப் பாருங்கள். பாட்டி வீட்டுத் திண்ணையில் கேட்ட குரல்கள் உங்களுக்குக் கேட்கும். வருணனைகளை முதல் வாசிப்பில் வேகமாகக் கடந்துவிடுவதில் தவறில்லை.

கேள்வி (செங்கோட்டை வாசகர்): முதல் நூலைப் படிக்காமல் நேராகத் ‘தர்மராஜா’வுக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம். கல்கி ‘பார்த்திபன் கன’வை முதலில் எழுதி, அதற்கு முந்திய காலத்துக் கதையான ‘சிவகாமியின் சபத’த்தைப் பிறகுதான் எழுதினார், அவற்றுள் எதை முதலில் படித்தாலும் பெரிய இழப்பில்லை. இங்கே நிலைமை அப்படியல்ல. எட்டுவீட்டாரின் வீழ்ச்சியை வெற்றியாகக் கொண்டாடிய வாசகர்தான், பின்னர் அவர்கள் மரபினரின் முகத்தைப் பார்த்துக் கலங்க முடியும். முதல் நூலில் வரும் சுபத்திரை தன் உயிரைக் கொடுத்து இளவரசரைக் காத்ததைப் படித்து நெகிழாதவருக்கு அந்த அரியணையின் விலையும் தெரியாது.

கேள்வி (குழித்துறை வாசகி): மூன்றாவது நூலும் உண்டாமே? அதிலாவது காதல் உண்டா?

பதில்: உண்டு. ‘ராமராஜபகதூர்’ 1918, 1919 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வந்தது. திப்பு சுல்தானின் படையெடுப்பு அதன் களம். கேசவப்பிள்ளை அங்கே திவானாக வருகிறார். சாவித்திரிக்கும் திருவிக்கிரமனுக்கும் இடையிலான அன்பு அந்தப் போர்ச்சூழலுக்குள் மிக அழகாகப் படர்ந்திருக்கிறது. நாகர்கோவில் வாசகர் ‘தர்மராஜா’வில் தேடிக் காணாதது அவருக்கு இங்கே கிடைக்கும்; அதுவரை புத்தகத்தை மூடிவிட வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றையும் படித்தவர்கள் எதை முதலில் வைக்கிறீர்கள் என்று காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த இதழில் தொடரலாம்.