63 உம் 50 உம் மில்லிமீற்றர் குழாய்கள் சேரும் இடம் கழருவது பற்றி

வணக்கம். விசுவமடுத் தோட்டத்தில் கிணற்றடியிலிருந்து வரும் 63 மில்லிமீற்றர் அளவுள்ள, சுவர் தடித்த பிவிசிக் குழாயின் வாயை நெருப்பில் வாட்டி, 50 மில்லிமீற்றர் மெல்லிய குழாயின் மேல் அமுக்கி ஒட்டினதாகவும், மோட்டர் போட்டதும் கழருவதாகவும் எழுதியிருந்தீர்கள். வாட்டினதுதான் சிக்கல். வாட்டிய இடம் ஒரு பக்கம் மெலிந்து, வட்டமும் கெட்டுப்போகும். பசை எல்லா இடமும் பிடிக்காது.

சுவர்த் தடிப்பு வேறாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். பிவிசியில் ஒரே அளவுக் குழாய்க்கு வெளிவிட்டம் மாறாது, தடிப்புக் கூடினால் உள்வாய்தான் சிறுக்கும். அதனால் 63க்கு 50 ரெடியூசிங் சொக்கற் (பெரிய குழாயைச் சின்னதோடு சேர்க்கும் இணைப்பு) ஒன்றே போதும். ஆனால் முழு லைனும் தாங்கும் அழுத்தம், மெல்லிய குழாய் தாங்கும் அளவுதான். தடித்ததை எப்போதும் மோட்டர்ப் பக்கம் வையுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. குழாய் சிறுக்கும் இடத்தில் தண்ணீர் முன்னுக்குத் தள்ளும். உங்கள் அளவுக்கு, 3 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 35 கிலோ பாரம்! சொக்கற்றை மண்ணுக்குள் புதைத்து, அதற்கு முன்னால், 50 பக்கம், சின்னதாக ஒரு கொங்கிறீற் கட்டை போடுங்கள். வெயிலும் படாது.

முடிந்தால் 63ஐயே இன்னும் தூரம் கொண்டுபோங்கள். அதே தண்ணீர் 50இல் ஓடும்போது மீற்றருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் உராய்வில் போய்விடும்.

ஒட்டும்போது வாட்டிய துண்டை வெட்டி எறிந்து, நேராக அறுத்து, மண்தாள் போட்டுத் தேய்த்து, புழுதி துடைத்து ஒட்டுங்கள். அடுத்த நாள் வால்வை மெல்லத் திறந்து பாருங்கள்.